அகலம் மேடமும் பின்பக்கப் படிக்கட்டும்

வாடகை வீடுகளைப் படம் எடுத்துக் கொடுப்பவர்கள் அந்த ஊரில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரே பெண் அவள். வீட்டு புரோக்கர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘அகலம் மேடம்’. எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நான்கு மூலைகளையும் ஒரு நோட்டம் விடுவாள். பிறகு ஒரு மூலையில் போய் நின்று, முதுகைச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, “இங்கிருந்து அகலமா எடுத்துடலாம்” என்பாள். படத்தில் பார்த்தால் அறையின் மூன்று சுவர்கள், தரை, கூரை, ஜன்னல் எல்லாம் ஒன்றாக வந்து உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் எடுத்தால் கட்டிலும் கதவும் சேர்ந்து விழாத அறைகள் அவை.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு. “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, சிரிக்காதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க.” இதைத் தூக்கத்திலும் சொல்கிறாள் என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, சிரிக்காதே என்று சொல்லும் மனைவியோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஸ்டுடியோ முதலாளி ஒரு நாள் ஒரு லென்ஸ் வாங்கி வந்தார். மிக அகலமாக எடுக்கிற ஜூம் லென்ஸ். பத்திலிருந்து இருபது மில்லிமீட்டர் வரைக்கும் போகும்; எண் குறையக் குறைய அகலம் கூடும். முன் பக்கக் கண்ணாடி மீன் கண் மாதிரி வெளியே பிதுங்கி நிற்கும். கல்யாண வீடுகளில் ஒரே படத்தில் மொத்தக் குடும்பத்தையும் அடைத்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். குடும்பம் அடைபட்டதென்னவோ உண்மைதான். ஆனால் வரிசையின் இரண்டு ஓரத்திலும் நின்றவர்கள் பக்கவாட்டில் இழுபட்டு, இருப்பதைப்போல ஒன்றரை மடங்கு பருமனாகத் தெரிந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை அந்தப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்து ஆடித் தீர்த்துவிட்டார். அன்றைக்கே லென்ஸ் அலமாரிக்குள் போனது.

“நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டுமா சார்?” என்று அவள் கேட்டாள்.

“எடுத்துட்டுப் போம்மா. திருப்பிக் கொண்டு வரலைன்னாலும் சந்தோஷம்தான்.”

அவள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் திரும்ப முடியாது. அன்று மாலை ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து நின்று கேமராவுக்குள் பார்த்தாள். அடுப்பு, தொட்டி, பாத்திர அலமாரி, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எதிர் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எல்லாம் தெரிந்தன. பதினோரு வருடம் ஒரு வெள்ளைத் திரையையே பார்த்த கண்ணுக்கு அது என்னவோ செய்தது. ஓரத்தில் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். படத்தில் அவர் கை மண்வெட்டி அளவுக்கு இருந்தது. தலை பூசணிக்காயாக நீண்டிருந்தது. இயல்பில் ஒல்லிக்குச்சி.

பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “பரவால்லையே. இந்த லென்ஸ்லயாவது கொஞ்சம் சதை போட்டிருக்கேன்.”

ஆறு மாதம் அந்த லென்ஸோடு மல்லுக்கட்டினாள். மற்ற ஜூம் லென்ஸ்களில் வளையத்தைத் திருப்பினால் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். இதில் திருப்பினால் அறையின் ஓரங்கள் உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கும். கேமராவை ஒரு விரல்கடை மேலே சாய்த்தால் போதும், சுவர்கள் இரண்டும் ஒன்றையொன்று முட்டப்போவது மாதிரி சரிந்துவிடும். மட்டமாகப் பிடித்தால் ஒழுங்காக நிற்கும். கிட்டே இருக்கும் பொருள் பூதாகாரமாகும். நாலடி தள்ளி இருப்பது ஓடிப்போய் ஒளிந்துகொள்ளும். ஆட்கள் இருந்தால் நடுவில் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்து, அழித்து அழித்து எடுத்துத் தெரிந்துகொண்டாள். பிறகு ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு வீடுகளைப் படம் எடுக்கக் கிளம்பினாள். வேலைக்குக் குறைவே இல்லை. கையளவு அறைகளுக்கு ஆள் பிடிக்க வேண்டிய புரோக்கர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அப்படிக் கிளம்பிய ஏழாவது வருடம், ஒரு ஆறு மாடிக் கட்டடத்தைப் படம் எடுக்கச் சொல்லி, அவளுக்கு வழக்கமாக வேலை கொடுக்கும் புரோக்கர் கூப்பிட்டார். மாடிக்கு ஏழு வீடு. எல்லாம் சின்னச் சின்ன வீடுகள். கட்டட ஓனரும் கூடவே வந்தார். காலி வீடுகள் இரண்டையும் எடுத்து முடித்தபின், “பின்பக்கப் படிக்கட்டையும் எடுத்துடுங்க. நல்லா விசாலமா வரணும். ஆள் யாரும் நிக்க வேண்டாம், வெறுமையா இருக்கட்டும்” என்றார் ஓனர்.

வாடகை விளம்பரத்தில் பின்பக்கப் படிக்கட்டுக்கு என்ன வேலை என்று ஒரு நொடி அவளுக்குத் தோன்றியது. கேட்கவில்லை. கேட்டதை எடுத்துக் கொடுப்பதுதான் தொழில். படிக்கட்டு ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிறவர் நின்று வழிவிட வேண்டிய அளவுதான். அவள் மண்டியிட்டு உட்கார்ந்து, கேமராவை முதல் படிக்கு ஒரு அடி உயரத்தில் வைத்து, வளையத்தைப் பத்துக்குத் திருப்பி எடுத்தாள். முதல் படி படத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மேடை மாதிரி விரிந்து கிடந்தது. மேலே போகப் போகப் படிகள் குறுகி எங்கேயோ தூரத்தில் போய் முடிந்தன. ஏதோ பெரிய அரங்கத்தின் வாசல் போல இருந்தது. அவளுக்கே ரொம்பப் பிடித்துப்போய், புதிதாக வேலை கேட்டுப் போகும் இடங்களில் காட்டுகிற ஆல்பத்தில் அதையும் சேர்த்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் குடியிருக்கும் தையல்காரி. படம் எடுத்த அன்று பார்த்த முகம். புரோக்கரிடம் முகவரி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

“மேடம், ஒரே ஒரு சந்தேகம். கேட்டுட்டுப் போயிடறேன்” என்று பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். “இது எந்தக் கட்டடத்துப் படிக்கட்டு?”

பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அவள் எடுத்த படம்.

தையல்காரி கதையைச் சொன்னாள். பின்பக்கப் படிக்கட்டு குறுகல் என்று குடியிருப்பவர்கள் நாலைந்து மாதமாகவே ஓனரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வாரத்துக்கு முன்னால், பட்டப்பகலில், இரண்டாம் மாடியில் மின்சார மீட்டர் பெட்டி புகைந்திருக்கிறது. முன்பக்கப் படிக்கட்டு முழுக்கப் புகை. மேலே இருந்தவர்கள் அத்தனை பேரும் பின்பக்கம் ஓடியிருக்கிறார்கள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கூட்டம் அடைத்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. ஐந்தாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் நெரிசலில் விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. தீ பெரிதாகாததால் உயிர் தப்பினார்கள். குடியிருப்பவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தீயணைப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்கள். ஓனர், படிக்கட்டு நாலடி அகலம் என்று ஒரு கடிதமும், கூடவே இந்தப் படத்தையும் கொடுத்தார். படத்தைப் பார்த்துவிட்டு, படிக்கட்டு போதுமானதுதான் என்று அலுவலகத்தில் எழுதிவிட்டார்கள்.

“மறுபடியும் மனு போட்டோம். வர்ற வியாழக்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இது வேற எங்கேயோ எடுத்த படம்னு சொல்லப்போறோம். நீங்க அப்படி எழுதிக் குடுத்தீங்கன்னா போதும்.”

“அப்படி எழுதிக் குடுக்க முடியாதும்மா” என்றாள் அவள். “இது உங்க படிக்கட்டுதான். நான்தான் எடுத்தேன்.”

தையல்காரியின் முகம் சுண்டிப்போனது. “எங்க படிக்கட்டா? இதுல கட்டில் போட்டுப் படுக்கலாம் போல இருக்கே!”

“லென்ஸ் அப்படி. நான் எதையும் மாத்தலை. எங்க வெச்சு எடுத்தா எப்படித் தெரியும்னு ஒரு கணக்கு இருக்கு.”

“கணக்கெல்லாம் உங்களுக்குத் தெரியும். அங்க உக்காந்திருந்த அதிகாரிக்குத் தெரியுமா?”

தையல்காரி காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. கம்ப்யூட்டரில் அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன்மேல் கோபம் வந்தது. ஆனாலும் படம் எடுத்ததில் தப்பில்லை, மட்டம் கனகச்சிதமாக இருக்கிறது, சுவர்கள் நேராக நிற்கின்றன என்று ஒரு பக்கம் மனசு அடம்பிடித்தது. நேராக நிற்கிற சுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, சற்று நேரத்தில் வேறொன்று கண்ணில் பட்டது. படிகளுக்கு டைல் ஒட்டியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கி, டைலுக்கும் டைலுக்கும் நடுவில் ஓடும் கோடுகளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். “வியாழக்கிழமை போகப்போறேங்க.”

“போ” என்றார் அவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே. “நான் லிஃப்டுக்குள்ள எட்டுப் பேருக்கு மேல ஏறக்கூடாதுன்னு எழுதி ஒட்டறேன். ஒன்பதாவது ஆள் ஏறினா என்னைத்தான் கேப்பாங்க. நீ எடுத்ததை வெச்சு ஆள் ஏமாந்தா உன்னைத்தான கேப்பாங்க?”

புரோக்கர் காதுக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. புதன்கிழமை போனில் குதித்தார். “மேடம், உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நாளைக்கு எந்த ஓனர் உங்களை வீட்டுக்குள்ள விடுவான்? அந்த ஆளுக்கு நாலு கட்டடம் இருக்கு.”

“நாலு கட்டடத்துலயும் படிக்கட்டு இருக்குமே அண்ணே” என்றாள் அவள். அவர் போனை வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை பதினோரு மணி. அதிகாரியின் அறை இரண்டு பீரோ, ஒரு மேஜை, எட்டு நாற்காலி போட்டு மூச்சு முட்டிக் கிடந்தது. அதிகாரி கனத்த உடம்புக்காரர். மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் வயிற்றை எக்கிக்கொண்டுதான் தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஒரு பக்கம் ஓனர். மறுபக்கம் தையல்காரியும், கையில் கட்டோடு தபால்காரரும், குடியிருப்பவர்கள் இன்னும் மூன்று பேரும். தோளில் கேமராப் பையோடு அவள் உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முறைத்தார்கள்.

“சார், அந்தப் படத்தை எடுத்தது நான்தான்” என்று ஆரம்பித்தாள். “அது இவங்க கட்டடத்துப் பின்பக்கப் படிக்கட்டுதான். படத்துல ஒரு திருத்தமும் செய்யலை.”

ஓனர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். “கேட்டுக்குங்க சார். அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க.”

“பாவி” என்று தையல்காரி முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது.

“இன்னும் முடிக்கலை சார்” என்றாள் அவள். “உங்க ரூமை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?”

அதிகாரி புருவத்தை உயர்த்தினார்; பிறகு கையை ஆட்டினார். அவள் கதவுக்குப் பின்னால் இருந்த மூலையில் போய் ஒட்டிக்கொண்டாள். ஒரு படம். வளையத்தை இருபதுக்குத் திருப்பி, நின்ற இடத்திலிருந்தே இன்னொரு படம். கேமராவை மேஜைமேல் வைத்து இரண்டாவதை முதலில் காட்டினாள். அதில் மேஜை, அதிகாரி, ஒரு பீரோவின் பாதி. அடுத்து முதல் படத்தைக் காட்டினாள். அதில் இரண்டு பீரோ, எட்டு நாற்காலி, ஆட்கள், ஜன்னல், கூரை விசிறி. நடுவில் கண்ணாடி போலப் பளபளக்கும் தரை, நடனமாடலாம் போல விரிந்து கிடந்தது. அதிகாரி எங்கோ தூரத்தில் சின்னதாக உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் இருந்த ஓனரின் தோளும் காதும் பக்கவாட்டில் நீண்டு கிடந்தன.

“இது என் ரூமா?” என்றார் அதிகாரி. குமாஸ்தா எட்டிப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “நாலு வருஷமா ரூம் பத்தலைன்னு எழுதிக் குடுத்துக்கிட்டே இருக்கேன். இந்தப் படத்தை மேலிடத்துல காட்டிடாதீங்கம்மா, ரெண்டு பேரை இதுக்குள்ளயே கொண்டு வந்து போட்டுடுவாங்க.”

“கிட்ட இருக்கறதைப் பெருசாக்கி, தள்ளி இருக்கறதைச் சின்னதாக்கி, ஓரத்தை இழுத்துக் காட்டும் சார். அதனால இதை வெச்சு அகலத்தைக் கண்ணால சொல்லவே முடியாது. ஆனா எண்ணிச் சொல்லலாம்.” படிக்கட்டுப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டு வந்திருந்தாள். அதை மேஜைமேல் விரித்தாள். “முதல் படியைப் பாருங்க. இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் எத்தனை டைல்?”

அதிகாரி பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டார். “ஒண்ணு. ரெண்டு. அப்புறம் ஒரு துண்டு.”

“கால் டைல் சார். மொத்தம் ரெண்டேகால். ஒரு டைல் ஒரு அடி.”

“ரெண்டடி டைலும் கடையில விக்கறாங்க சார்” என்று ஓனர் அவசரமாகக் குறுக்கிட்டார். “படத்துல பாத்து ஒரு அடின்னு எப்படிச் சொல்றாங்க?”

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. கட்டடத்துக்குப் போய் அளந்து பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தையல்காரி எழுந்து, மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து, சிமெண்டு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு முழு டைலை எடுத்து மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தாள்.

“எங்க படிக்கட்டு டைல்தான் சார். ஆடிக்கிட்டே இருந்துச்சு, தபால்காரர் கால் வழுக்கினதே இதுலதான். காட்டலாம்னு எடுத்தேன், கையோட வந்துடுச்சு.”

தையல்காரியின் கழுத்திலிருந்த நாடாவை அதிகாரியே வாங்கி அளந்தார். பன்னிரண்டு அங்குலம். டைலையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நிறமும் பூவேலையும் ஒன்றாகவே இருந்தன. கோப்பைப் புரட்டி ஓனரின் கடிதத்தை வெளியே எடுத்தார்.

“நாலடின்னு எழுதியிருக்கீங்க. லென்ஸ் எல்லாத்தையும் பெருசாக் காட்டும், சரி. டைலோட எண்ணிக்கையையும் கூட்டுமா, குறைக்குமா?”

“ரெண்டும் செய்யாது சார்” என்றாள் அவள்.

ஓனர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அதிகாரியே டேப்போடு கட்டடத்துக்கு வந்தார். இரண்டடி மூன்று அங்குலம். விதிப்படி வேண்டியதோ மூன்றரை அடி. ஐந்தாம் மாடி வரைக்கும் அவர் பக்கவாட்டில் நடந்துதான் ஏற முடிந்தது. வேர்க்க விறுவிறுக்க மேலே போய்ச் சேர்ந்தவர், வேறெதுவும் கேட்காமல் அங்கேயே நின்று உத்தரவை எழுதினார். கட்டடத்துக்கு வெளியே அகலமான இரும்புப் படிக்கட்டு கட்ட வேண்டும். அதுவரைக்கும் காலியான வீடுகளுக்கு ஆள் வைக்கக்கூடாது. மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னதை ஓனர் முனகிக்கொண்டே ஐந்து மாதத்தில் முடித்தார்.

புரோக்கர் இரண்டு மாதம் அவளைக் கூப்பிடவில்லை. மூன்றாவது மாதம் போன் வந்தது. “வேற ஆளை வெச்சு எடுத்தேன் மேடம். சுவரெல்லாம் குடிச்சவன் மாதிரி சாயுது. எப்ப வர்றீங்க?”

“வர்றேன். ஆனா ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் நீளம், அகலம் போடணும். நானே அளந்து எழுதிடுவேன்.”

“அளவைப் போட்டா எவன் வருவான்?”

“அந்த அளவு போதும்னு நினைக்கறவங்க வருவாங்க.”

அவர் அரைமனதாக ஒத்துக்கொண்டார். நான்கு மாதத்தில், வீடு பார்க்க வந்து, ‘படத்துல பெருசா இருந்துச்சே’ என்று கதவைப் பிடித்துக்கொண்டு புலம்பிவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே பேசி முடித்தார்கள். அளவு போடும் யோசனை தன்னுடையதுதான் என்று புரோக்கர் இப்போது ஊர் முழுக்கச் சொல்லித் திரிகிறார். அவள் மறுக்கப் போவதில்லை.

தீயணைப்பு அலுவலகத்திலிருந்தும் அவளைக் கூப்பிடுகிறார்கள். விடுதி, அச்சகம், சின்ன மருத்துவமனை என்று மாதத்துக்கு ஏழெட்டு இடம். குறுக்கே டேப்பை இழுத்துப் பிடித்து, நடுவில் ஒரு ஆளை நிறுத்தி, மட்டமாக எடுக்க வேண்டும். இடுக்கான இடங்களில் நின்று முழுசாக எடுக்க அவள் லென்ஸை விட்டால் வேறு வழியில்லை. ஆல்பத்திலிருந்து பழைய படிக்கட்டுப் படத்தை அவள் எடுத்துவிடவில்லை. புதிதாகக் கட்டிய இரும்புப் படிக்கட்டின் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். இரண்டாவதில் நாலாம் மாடித் தையல்காரியும் தபால்காரரும் தோளோடு தோள் உரசாமல் ஒன்றாக இறங்கி வருகிறார்கள்.

தையல்காரி இப்போது அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். போன மாதம் லென்ஸைக் கேட்டு வாங்கி, நாடாவைச் சுற்றிச் சுற்றி அளந்து, பஞ்சு வைத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். லென்ஸ் உள்ளே போவதற்கும் மல்லுக்கட்ட வேண்டும், வெளியே வருவதற்கும் மல்லுக்கட்ட வேண்டும்.

“அளவு எப்படிக்கா இருக்கு?”

“கனகச்சிதம்” என்றாள் அவள், உறையைத் தொடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் லென்ஸை இழுத்தபடியே.